ஆலைத்தெருக் கோயிலின் கார்

எங்கள் ஊரில் கர்ப்பிணிகளுக்கு உதவி செய்ய இரண்டு கிறிஸ்தவக் கோயில்கள் இருந்தன. அணைத்தெருக் கோயிலிடம் ஓர் அறை இருந்தது. ஆலைத்தெருக் கோயிலிடம் ஒரு கார் இருந்தது. அறையும் காரும் ஒன்று சேர்ந்திருந்தால் யோசீனாவுக்கு அப்படி ஆகியிருக்காது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு இன்னொரு காபி ஊற்றிக்கொள்கிறார்கள்.

என் பெயர் தானெக்கே. பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய், தாயையும் சேயையும் முதல் ஒரு வாரம் பார்த்துக்கொள்வது என் வேலை. நெதர்லாந்தின் ஸேலாந்து மாகாணத்தில் இந்தக் கடலோரத் தீவில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். அணைத்தெருக் கோயிலின் தர்ம அமைப்பு எனக்குச் சம்பளம் தருகிறது. ஊர் டாக்டர் ஓய்வு பெற்றுப் போனபிறகு அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அதனால் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஞாயிறு பள்ளி அறையை வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் எடை பார்க்கும் கருவியும் போட்டோம். செவ்வாய்க்கிழமைதோறும் நகரத்திலிருந்து ஃபென்னா என்கிற மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பாள்.

ஆலைத்தெருக்காரர்கள் பார்த்தார்கள். நாம் சும்மா இருந்தால் எப்படி என்று ஒரு வெள்ளைக் கார் வாங்கினார்கள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கோயிலின் பெயரும் ஒரு வேத வசனமும். பஸ் நின்றுபோன ஊரில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுக் கூட்டி வர அந்தக் கார். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் அறைக்கு வருகிறவர்களை அந்தக் கார் ஏற்றாது. அந்தக் காரில் போகிறவர்கள் எங்கள் அறைக்கு வரமாட்டார்கள்.

நான் பிறப்பதற்கு முன்பு இரண்டும் ஒரே கோயில். வேதத்தில் உள்ள சங்கீதப் பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடவேண்டுமா, தாளத்தோடு பாடவேண்டுமா என்று சண்டை வந்து பிரிந்தார்கள். நாங்கள் தாளக்காரர்கள். அவர்கள் இழுக்கிறவர்கள். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லும்போதே எனக்குப் பல் கூசுகிறது.

யோசீனா இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவள். தாளக்காரக் குடும்பத்துக் கிரைனைக் காதலித்தாள். கல்யாணம் எந்தக் கோயிலில் என்று இரண்டு குடும்பமும் அடித்துக்கொண்டதில் அவர்கள் வெறுத்துப்போனார்கள். நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதோடு எந்தக் கோயில் பக்கமும் போகவில்லை. கிரைன் சிப்பிப் படகில் வேலை செய்கிறான். வாரம் முழுக்கத் துறைமுகத்திலும் கடலிலும் இருப்பான். வீட்டில் இருந்த ஒரே காரும் அவனோடு போய்விடும். முதல் பிள்ளை டீனா வயிற்றில் இருந்தபோதே யோசீனாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. அதனால் இரண்டாவது பிள்ளைக்காக அவள் எங்கள் அறைக்கு வந்தபோது ஃபென்னா ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அளந்து பார்த்தாள்.

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை ஃபென்னா ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மறுபடி ஏறிடுச்சு. இனிமே இவங்க என் கணக்குல இல்ல. ஆஸ்பத்திரி டாக்டர்தான் பாக்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவை போய் ரத்தமும் சிறுநீரும் கொடுக்கணும். ஒண்ணுகூட விடக்கூடாது."

"எதுல போறது? நீந்தியா?" என்றாள் யோசீனா, சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே.

"இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். மத்த நாள்ல நான் வேற ஊருல இருப்பேன்."

"மத்த நாளுக்கு நான் பாத்துக்கறேன்," என்றேன் நான். பெரிய ஆள் மாதிரி சொன்னேன். எனக்கே கார் ஓட்ட அனுமதி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு தடவை வலிப்பு வந்ததிலிருந்து சைக்கிள்தான்.

மறுநாளே ஈசாக்கைப் பார்க்கப் போனேன். ஈசாக் ஆலைத்தெருக் கோயிலின் உதவிக்காரர், தர்ம வேலைகளைக் கவனிக்கிறவர். காரின் சாவி அவரிடம்தான் இருக்கும். வெங்காய விவசாயி. கிடங்கில் இயந்திரப் பட்டைமேல் ஓடி வருகிற வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"ஈசாக், கார் சும்மாதானே நிக்குது?"

"நிக்குது."

"ஓட்ட ஆள் இருக்கா?"

"நாலு பேர் இருக்கோம்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் இல்ல, சகோதரி. ஆனா ஒரு விதி வெச்சிருக்கோம். எங்க தாய்மார் கூட்டத்துக்கு வர்றவங்களுக்குத்தான் கார். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே! அதுக்குத்தானே கார் வாங்குனீங்க?"

"யோசீனா உங்க அறைக்குத்தானே வர்றா? அப்ப உங்க ஆளு."

"அவ உங்க கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவ."

"வாங்கினா. அப்புறம் விட்டுட்டுப் போனா."

"எங்க தலைவர் மரீனஸைக் கேட்டா அவ ஆலைத்தெரு ஆளுங்கறார்."

ஈசாக் சிரித்தார். "பாருங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விஷயத்துலயாவது ஒரே கருத்து இருக்கு. அவ எங்க ஆளு இல்லைன்னு."

நான் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. கிளம்பும்போது ஒரு சின்ன மூட்டை வெங்காயத்தை என் சைக்கிளில் கட்டினார். "யோசீனாவுக்குக் கொடுங்க. பாவம், சின்னப் பிள்ளையோட தனியா இருக்கா."

கார் கேட்கப் போனவள் வெங்காயத்தோடு திரும்பினேன். யோசீனா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஏறி உக்காந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருமா?" என்றாள்.

எங்கள் பக்கமும் ஒன்றும் ஒழுங்கில்லை. மரீனஸ் எங்கள் தர்ம அமைப்பின் தலைவர். பேசும்போது பேனாவை மேஜை ஓரத்தோடு நேராக்கி நேராக்கி வைப்பார். ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு யோசீனா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கேட்டேன்.

"உங்க வேலை பிள்ளை பிறந்த பின்னாடி, தானெக்கே. முன்னாடி இல்ல."

"முன்னாடி கவனிக்கலைன்னா பின்னாடி கவனிக்க ஆள் இருக்கமாட்டாளே."

"உணர்ச்சிவசப்படாதீங்க. கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. அவங்க அறைக்கு வரலாம்."

"அறைக்கு வந்து என்ன செய்யறது? அவ போகவேண்டியது ஆஸ்பத்திரிக்கு!"

"அதுக்கு ஆலைத்தெருக்காரங்க கார் வெச்சிருக்காங்களே," என்றார் மரீனஸ்.

சுற்றிச் சுற்றி இதே பேச்சுத்தான். கருவியை நான் பையில் போட்டு எடுத்துப்போனேன், யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் கருவி அளக்கும், குணப்படுத்தாது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாட்களில் ஒன்றிரண்டுக்குக் கிரைன் லீவு போட்டான். ஒரு தடவை முன்பதிவு செய்கிற மினி பஸ்ஸைக் கூப்பிட்டோம். யோசீனா டீனாவைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், அது வரவேயில்லை. மற்ற நாட்களை அவள் தவறவிட்டாள். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். "வண்டி இல்ல," என்று சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

நான் விடவில்லை. இரண்டு கோயில்காரர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் வேலை நடக்கும் என்று நம்பினேன். எந்தக் கோயிலிலும் வைக்கமுடியாது என்பதால் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கூட்டம். காபியும் இலவங்கப்பட்டை போட்டுச் சுருட்டிய பன்னும் நானே கொண்டுபோனேன். யார் ஜெபம் செய்து தொடங்குவது என்பதில் முதல் பிரச்சனை. எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வேதம் வாசிப்பது என்பது இரண்டாவது. அதற்குள் காபி ஆறிவிட்டது. காரையும் அறையையும் பற்றிப் பேச வந்தபோது, காரில் யார் பெயர் எழுதுவது என்று மரீனஸ் கேட்டார். பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றார் ஈசாக்.

"பெயரை விடுங்க! ஒருத்தி வீட்ல கால் வீங்கி உக்காந்திருக்கா!" என்று நான் கத்தினேன்.

எல்லோரும் பன்னைப் பார்த்தார்கள். பிறகு ஈசாக் மெதுவாகச் சொன்னார்: "ஜெபநாள் முடியட்டும். அதுக்கப்புறம் உக்காந்து பேசுவோம்."

ஜெபநாள் என்பது எங்கள் பக்கத்தில் மார்ச் மாதத்தில் வருகிற ஒரு புதன்கிழமை. விதைப்புக்கு முன்னால் விளைச்சலுக்காகவும் கடலுக்காகவும் ஜெபிக்கிற நாள். கடைகள் மூடியிருக்கும். பள்ளிக்கூடம் கிடையாது. காலையில் ஊர் முழுக்க ஏதாவது ஒரு கோயிலுக்குள் இருக்கும். கோயிலுக்குப் போகாதவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தி யோசீனா. கிரைனின் முதலாளி வேற்றூர்க்காரர், அவருக்கு ஜெபநாளெல்லாம் தெரியாது. அவன் அன்றைக்கும் கடலில்.

நான் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று அவள் வீட்டில் சைக்கிளை நிறுத்தினேன். டீனா இரவு உடையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"அம்மாவுக்குத் தலை வலிக்குது அத்தை. விளக்கு போடாதேன்னு சொல்றாங்க."

யோசீனா சோபாவில் சாய்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். விலா எலும்புக்குக் கீழே பிடித்து இழுக்கிறது என்றாள். கருவியைச் சுற்றினேன். மேல் எண் நூற்று எழுபதைத் தாண்டி ஓடியது. மறுபடி அளந்தேன். இன்னும் ஏறியிருந்தது.

அவசர எண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நிதானமாகப் பேசினாள். பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது. இன்னொன்றை அனுப்புகிறாள், ஆனால் அது தூரத்திலிருந்து வரவேண்டும். "கார் இருந்தா உடனே கிளம்பிடுங்க. பெரிய ரோட்டுல எங்க ஆளுங்க எதிர்ல வந்து மாத்தி ஏத்திக்குவாங்க. காத்திருக்க வேண்டாம்."

பக்கத்து வீடுகளின் மணியை அடித்தேன். ஒருவரும் இல்லை. எல்லாரும் விளைச்சலுக்காக ஜெபிக்கப் போயிருந்தார்கள். யோசீனாவின் போனிலிருந்து ஈசாக்கைக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார். யோசீனாவை இடது பக்கமாகப் படுக்கவைத்து, என் போனை அவள் கையில் கொடுத்தேன். அவசர எண்ணின் பெண் லைனிலேயே இருந்தாள்.

"தூங்கிடாத. அவங்ககிட்டப் பேசிட்டே இரு. நான் இதோ வந்துடறேன்."

"எங்க போறீங்க?"

"கார் கொண்டுவர."

"தரமாட்டாங்க தானெக்கே," என்றாள், கண்ணைத் திறக்காமலேயே.

டீனாவைச் சைக்கிளின் பின்சீட்டில் தூக்கி வைத்து மிதித்தேன். ஆலைத்தெருக் கோயில்தான் கிட்ட இருந்தது. வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதன் சக்கரத்தை ஒரு உதை உதைத்தேன்.

உள்ளே சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லை அவர்கள் பாடி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை பிறந்து நடந்துவிடும். என்னிடம் அவ்வளவு நேரம் இல்லை. தொப்பி போட்ட பெண்கள் வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கால்சட்டையில் இருந்தேன், தலையில் ஒன்றுமில்லை, இடுப்பில் இரவு உடையோடு ஒரு குழந்தை. நடுப்பாதையில் நேராக நடந்து உதவிக்காரர்களின் இருக்கைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஈசாக், சாவி."

ஆர்கன் ஒருவிதமாக முனகி நின்றது. பிரசங்க மேடையிலிருந்து போதகர் குனிந்தார். "என்ன ஆச்சு, சகோதரி?"

"யோசீனா. ரத்தக் கொதிப்பு. பிள்ளையும் போயிடும், அவளும் போயிடுவா. கார் வேணும். இப்ப."

மறுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மறுத்தால் என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதற்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று. ஈசாக் எழுந்துவிட்டார். சாவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே, கறுப்புக் கோட்டோடு நடுப்பாதையில் ஓடினார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் என் இடுப்பிலிருந்து டீனாவை வாங்கி மடியில் வைத்து, வாயில் ஒரு பெப்பர்மின்ட்டைப் போட்டாள். இன்னும் இரண்டு ஆண்கள் யோசீனாவைத் தூக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் பின்னாலேயே வந்தார்கள். யாரும் அவள் எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. இவ்வளவு எளிதாக இருந்தது. அதை நினைத்துத்தான் காரில் உட்கார்ந்து நான் அழுதேன்.

பெரிய ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு மாற்றும்போது யோசீனாவுக்கு வலிப்பு வந்தது. உடம்பு விறைத்து, தாடை இறுகி, கண் மேலே போயிற்று. ஈசாக் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. கோழிக்குஞ்சு மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். உயிர் இருந்தது. யோசீனாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, என்ன ஆகும் என்று இப்போது சொல்லமுடியாது என்றார் டாக்டர்.

நடைபாதையில் ஈசாக் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நல்லவேளை. சரியான நேரத்துக்கு வந்துட்டோம்."

"சரியான நேரம் போன மாசம்," என்றேன்.

"இப்படி ஆகும்னு யாரும் எனக்குச் சொல்லலையே," என்றார்.

"நான் சொன்னேன். நீங்க வெங்காயம் பொறுக்கிட்டிருந்தீங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோயிலிலும் நன்றி ஜெபம். ஆலைத்தெருவில் சகோதரர் ஈசாக்கின் விரைவுக்காக. அணைத்தெருவில் சகோதரி தானெக்கேயின் விழிப்புக்காக. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பூங்கொத்து வந்தது, இரண்டிலும் தனித்தனி வாழ்த்து. கிரைன் கடலிலிருந்து வந்த அதே உடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பூவை உள்ளே கொண்டுவர விடவில்லை. "வெளியில வைங்க. எனக்கு யாரோட பூவும் வேண்டாம்," என்றான். யோசீனா கண் விழித்துப் பேச ஆரம்பித்த அன்று நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குரல் காய்ந்து போயிருந்தது.

"பூ வந்துருச்சா? கார் எப்ப வரும்?"

ஊரில் எல்லோருக்கும் பெருமை. ஜெபத்தின் நடுவில் எழுந்து ஓடிய கதையைக் கடைக்குக் கடை சொன்னார்கள். பெரிய ஆபத்து வந்தால் இந்த ஊர் சிங்கம் மாதிரி பாயும். வாரத்துக்கு இரண்டு தடவை ஒருத்தியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடச் சொன்னால் மட்டும் யாருக்கும் கால் நகராது. அதில் சொல்லிக்கொள்ளக் கதை ஒன்றும் இல்லையே.

மறுபடி தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கூடினோம். இந்தத் தடவை நான் காபி போடவில்லை. மரீனஸ் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் ஈசாக் பேசிவிட்டார்.

"ஜெபம் அப்புறம். கார் சாவி என்கிட்ட இருக்கு. தானெக்கே யாரைச் சொன்னாலும் நான் ஏத்திக்கறேன். எந்தக் கோயில்னு கேக்கமாட்டேன். சபையில கோவிச்சா கோவிச்சுக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆனால் ஆலைத்தெருச் சபை கோவித்துக்கொண்டதோடு நிற்கவில்லை, நிபந்தனையும் போட்டது. கார் யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் அணைத்தெருக் கோயிலின் முன்னால் நிற்கக்கூடாது. நின்றால் இரண்டு கோயிலும் ஒன்றாகிவிட்டன என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் பேக்கரி முனையில் நிற்கும். மரீனஸுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல ஏற்பாடு. எங்களுக்கும் அதுதான் வசதி," என்றார். பேனாவை நேராக்கினார்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகள் எங்கள் அறையிலிருந்து தெரு முழுக்க நடந்து பேக்கரி முனைக்குப் போகிறார்கள். ஃபென்னா அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது திட்டுகிறாள். கடல் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

யோசீனாவும் அந்தக் காரில்தான் போகிறாள், சிறுநீரகத்துக்காக. மாத்திரை நிறைய. ஒரு கண்ணில் பார்வை இன்னும் மங்கல்தான். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான், நன்றாகக் கத்துகிறான். எந்தக் கோயிலுக்கும் அவள் திரும்பவில்லை, இரண்டு போதகர்களும் வந்து கேட்டுப் பார்த்துவிட்டார்கள். போன வாரம் நல்ல மழை. அவளுக்கு நான் குடை பிடிக்க, பிள்ளையை அவள் மார்போடு கட்டிக்கொள்ள, இருவரும் அணைத்தெருவில் நடந்தோம். பேக்கரி முனையில் ஈசாக் காரிலிருந்து இறங்கி, அவரும் ஒரு குடையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"இவ்வளவு தூரம் வந்தவரு, அந்தக் காரை இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்தா என்னவாம்?" என்றாள் யோசீனா.

"அடுத்த கூட்டத்துல பேசுவாங்க," என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் காரில் ஏற்றிவிட்டு, மழையில் திரும்பி நடந்தேன். அறையில் அடுத்தவள் காத்திருந்தாள்.